மூட்டையில் எழுதியிருக்கும் புரதமும் கோழி கேட்கும் புரதமும்

99 கிலோ தவிட்டில் 1 கிலோ யூரியாவைக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். அறிக்கையில் புரதம் ஏறக்குறைய இரண்டே முக்கால் சதவீதம் கூடி வரும். கோழிக்கு அதில் ஒரு துளிப் பயனும் இல்லை. இதில் ஆய்வகத்தின் மேல் தப்பு கிடையாது. 'கச்சாப் புரதம்' என்று தீவன மூட்டையில் அச்சடித்திருப்பது உண்மையில் புரதத்தின் அளவே அல்ல, நைட்ரஜனின் அளவு. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அதனால் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி, வருவதைப் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், ஒரு கிலோ யூரியா தாளில் 2.87 கிலோ 'புரதம்' ஆகிவிடும்.

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாக நம்புகிறார்கள். 20 என்று போட்டிருந்தால் நல்ல தீவனம், 18 என்றால் மட்டம். சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களும் சோயா புண்ணாக்கைக் குறைக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பாதி நியாயம் உண்டு. வெறுமனே சோயாவைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டினால் கோழி கெட்டுத்தான் போகும். ஆனால் குறைத்த இடத்தில் எதை, எத்தனை கிராம் வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்தால், புரதம் ஒரு சதவீதம் குறைந்த தீவனத்தில் கோழி அதே எடைக்கு வரும், ஷெட்டுத் தரையில் பரப்பிய கூளம் காயும், செலவும் குறையும்.

2021-இல் சோயா விலை தாறுமாறாக ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. சோயா விளைவது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும். நம் ஊர்க் கோழியின் செலவு அங்கே பெய்கிற மழையில் தொங்குகிறது. மக்காச்சோளமோ பேரையூர் கரிசலிலும் விருதுநகர் பக்கத்திலும் கண்ணெதிரே விளைகிறது. சோயாவைக் கொஞ்சமாவது குறைக்கத் தெரிந்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே அவசியம்.

கதம்பக் கணக்கு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கதம்பம் கட்டுகிறவரைக் கவனியுங்கள். ஒரு முழத்துக்கு மல்லிகை இவ்வளவு, கனகாம்பரம் இவ்வளவு, மரிக்கொழுந்து இவ்வளவு என்று கையே கணக்குப் பார்த்து எடுக்கும். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடையில் மல்லிகை குவிந்து கிடந்தாலும் கதம்பம் அந்த இடத்தில் நின்றுவிடும். மிஞ்சிய பூ மறுநாளுக்கு உதவாது.

கோழி உடம்பில் சதை கட்டுவதும் இதேபோல்தான். பூக்களின் இடத்தில் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள். அவற்றில் சிலவற்றைக் கோழியால் உடம்புக்குள் செய்துகொள்ள முடியாது, தீவனத்தில் வந்தாக வேண்டும். அவற்றுக்குள் ஒரு விகிதமும் உண்டு. செரிக்கும் லைசினை 100 என்று வைத்தால், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 75, திரியோனின் 66, வாலின் 76, ஐசோலூசின் 67, ஆர்ஜினின் 105, டிரிப்டோஃபேன் 17. இனத்துக்கு இனம் ஓரிரு புள்ளி மாறும். லைசின் எவ்வளவு வேண்டும் என்பது வயதைப் பொறுத்தது. முதல் 10 நாள் தீவனத்தில் செரிக்கும் லைசின் 1.28 சதவீதம், 11 முதல் 21 நாள் வரை 1.18, அதற்குப் பிறகு 1.05 என்ற அளவுகளில் தொடங்கலாம்.

மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் போட்ட தீவனத்தில் முதலில் தீர்ந்துபோகிற பூ மெத்தியோனின். அடுத்து லைசின், மூன்றாவது திரியோனின், நான்காவது வாலின். அதற்குப் பிறகுதான் ஐசோலூசினும் ஆர்ஜினினும். இந்த வரிசையை மனதில் வையுங்கள். தீவனச் செலவு முழுவதும் இதைப் பிடித்துத்தான் ஓடும். மெத்தியோனின் போதவில்லை என்று சோயாவைக் கூட்டினால் மெத்தியோனின் சரியாகும்போது ஆர்ஜினினும் ஐசோலூசினும் தேவைக்கு மேல் ஏறி நிற்கும். காசு கொடுத்து வாங்கிய மல்லிகை கூடையில் வாடுகிற மாதிரிதான்.

வாடுவதோடு போனாலும் பரவாயில்லை. மிஞ்சிய அமினோ அமிலத்தைக் கோழி சேர்த்துவைக்க முடியாது, உடைத்து நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியே தள்ள வேண்டும். எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். அதைச் செய்ய உடம்பு எரிசக்தி செலவழிக்கிறது, தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறது, உடம்புச் சூடும் ஏறுகிறது. கூளத்தில் விழுந்த யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கும். ஈரம் கூடக் கூட அந்த வேலை வேகமாகும். தீவனப் புரதத்தில் ஒரு சதவீதம் குறைத்தால் வெளியேறும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் குறைகிறது, கோழி குடிக்கும் தண்ணீரும் சுமார் 3 சதவீதம் குறைகிறது. கூளம் காய்வது இதனால்தான்.

பாக்கெட்டில் வரும் அமினோ அமிலத்தை 'மருந்து', 'ஊசி' என்று வாடிக்கையாளர்கள் சிலர் தவறாக நினைக்கிறார்கள், பண்ணைக்காரர்களும் அதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். லைசின், திரியோனின், வாலின் எல்லாம் மாவு புளிப்பதுபோல நுண்ணுயிரைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பவை. 1956-இல் ஜப்பானில் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாதான் இந்தத் தொழிலுக்கே அடிப்படை. மெத்தியோனின் மட்டும் பெரும்பாலும் இரசாயன முறையில் தயாராகிறது. எந்த வழியில் வந்தாலும் குடலுக்குள் போனபின் சோயாவிலிருந்து வந்த லைசினுக்கும் பாக்கெட் லைசினுக்கும் வித்தியாசம் இல்லை, ஒன்றைத் தவிர. பாக்கெட்டில் இருப்பது உடைக்க வேண்டிய அவசியமில்லாமல் உடனே இரத்தத்தில் ஏறிவிடும். இந்த வித்தியாசம் கோடைத் தீவன நேரத்தில் வேலை காட்டும்.

ஒரு டன் ஃபினிஷர்

22-ஆம் நாள் முதல் விற்பனை வரை போடும் ஃபினிஷர் தீவனத்தையே எடுத்துக்கொள்வோம். கோழி தன் வாழ்நாளில் தின்பதில் பாதிக்கு மேல் இதுதான். 46 சதவீதப் புரதமுள்ள சோயா, 8.5 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோளம் என்று வைத்து மூன்று கலவை. எல்லாம் 1,000 கிலோவுக்கு. மூன்றிலும் எரிசக்தி கிலோவுக்கு 3,100 கிலோ கலோரியை ஒட்டி வரும், செரிக்கும் லைசின் 1.05 சதவீதம்.

வழக்கமான கலவை: மக்காச்சோளம் 625, சோயா 300, எண்ணெய் 40, லைசின் 2, மெத்தியோனின் 2.5, திரியோனின் 0.6 கிலோ. புரதம் 19.5 சதவீதம்.

முதல் படி: மக்காச்சோளம் 659, சோயா 270, எண்ணெய் 33, லைசின் 2.9, மெத்தியோனின் 2.7, திரியோனின் 1.1, வாலின் 0.4 கிலோ. புரதம் 18.6 சதவீதம்.

இரண்டாம் படி: மக்காச்சோளம் 693, சோயா 240, எண்ணெய் 26, லைசின் 3.75, மெத்தியோனின் 2.9, திரியோனின் 1.4, வாலின் 0.9, ஐசோலூசின் 0.7, ஆர்ஜினின் 1.1 கிலோ. புரதம் 17.9 சதவீதம்.

மீதி 30 கிலோவில் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புத் தூள், உப்பு, தாதுக் கலவை, வைட்டமின், கோலின், நொதிகள். லைசின் என்று எழுதியிருப்பது 78 சதவீதம் லைசினுள்ள லைசின் ஹைட்ரோகுளோரைடு. உங்கள் சோயா 44 சதவீதம்தான் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, திருப்பிப் போட வேண்டும்.

எண்ணெய் குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? மக்காச்சோளத்தில் எரிசக்தி சோயாவைவிட அதிகம். சோயா இறங்கி மக்காச்சோளம் ஏறினால் எண்ணெய் இறங்கியே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எரிசக்தி மிஞ்சினால் கோழி அதை வயிற்றுக் கொழுப்பாகச் சேர்க்கும். 'புரதம் குறைத்தேன், கோழி கொழுத்துவிட்டது' என்ற புகாரில் பாதிக்கு இதுதான் மூலம்.

இப்போது காசு. விலை நாளுக்கு நாள் மாறுவதால் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: சோயா கிலோ ரூ.40, மக்காச்சோளம் 24, எண்ணெய் 120, லைசின் 170, மெத்தியோனின் 300, திரியோனின் 160, வாலின் 350, ஐசோலூசின் 700, ஆர்ஜினின் 500. முதல் படியில் சோயாவிலும் எண்ணெயிலும் மிச்சம் ரூ.2,040. மக்காச்சோளத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் கூடுதல் செலவு சுமார் ரூ.1,250. ஆக, டன்னுக்கு ரூ.790 மிச்சம். இரண்டாம் படியில் மிச்சம் ரூ.4,080, கூடுதல் செலவு சுமார் ரூ.3,530. டன்னுக்கு ரூ.550தான் கையில் நிற்கிறது.

அதாவது இரண்டாம் படி, முதல் படி சேர்த்துக் கொடுத்ததிலிருந்தே தின்றுவிடுகிறது. ஐசோலூசினும் ஆர்ஜினினும் மட்டுமே ரூ.1,040 எடுத்துக்கொள்கின்றன. சோயா விலை 60-ஐத் தாண்டினால் நிலைமை தலைகீழாகும், அப்போது இரண்டாம் படி நன்றாகவே கட்டுபடியாகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. சாதாரண விலை நிலவரத்தில் வாலினோடு நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் தீர்மானம்.

கூளத்துக்கு என்ன லாபம் என்பதையும் எடை போட்டுப் பார்க்கலாம். 5,000 கோழி, ஒவ்வொன்றும் 2 கிலோ ஃபினிஷர், மொத்தம் 10 டன். வளர்ச்சி அதேதான் என்றால் குறைத்த நைட்ரஜன் முழுவதும் எச்சத்தில் போகாமல் தடுத்ததுதான். முதல் படியில் 14 கிலோ, இரண்டாம் படியில் ஏறக்குறைய 26 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஷெட்டுக்குள் ஒரு யூரியா மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதற்கும் கொட்டாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

உப்பில் கோட்டைவிடும் இடம்

சோயாவில் பொட்டாசியம் 2 சதவீதம், மக்காச்சோளத்தில் 0.33தான். சோயா இறங்கினால் பொட்டாசியமும் இறங்கும். லைசின் ஹைட்ரோகுளோரைடு கூடினால் அதோடு குளோரைடும் கூடும், அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குளோரைடு. சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால் வரும் மின்பகுளிச் சமநிலை கிலோவுக்கு 220-250 மில்லி ஈக்குவிவலன்ட் இருப்பது நல்லது. இரண்டாம் படியில் இது ஏறக்குறைய 35 இறங்கிவிடும். இறங்கினால் கோழி தீவனம் எடுப்பது மந்தமாகும், கால் எலும்பில் கோளாறு கூடும், வெயில் நேரத்தில் மூச்சிரைப்பைத் தாங்காது. புரதத்தைக் குறைத்ததால் வந்த கேடு என்று பழி வேறு இடத்தில் விழும்.

சரிசெய்வது சுலபம். உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு சமையல் சோடாவை வையுங்கள். முதல் படிக்கு டன்னுக்கு 0.8 கிலோ உப்பைக் குறைத்து 1.1 கிலோ சோடா. இரண்டாம் படிக்கு 1.5 கிலோ உப்புக்குப் பதில் 2.2 கிலோ சோடா. சோடியம் அப்படியே இருக்கும், குளோரைடு மட்டும் இறங்கும். இரண்டாம் படியில் இழந்த 35-இல் 25 திரும்பி வரும். உப்பை முழுக்க எடுத்துவிட்டு சோடா மட்டும் போடக் கூடாது, கோழிக்குக் குளோரைடும் வேண்டும். போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் பண்ணைகளில் தண்ணீரைச் சோதிக்காமல் இந்த அளவைத் தொடாதீர்கள். தண்ணீர் வழியே போகும் உப்பும் கணக்கில் வரும்.

700 கிராம் ஒரு டன்னில்

ஒரு டன் தீவனத்தில் 700 கிராம் ஐசோலூசினைச் சீராகப் பரப்புவது, இருபது மூட்டை நெல்லில் முக்கால் படி எள்ளைக் கலப்பது மாதிரி. நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் நிறைய, அடுத்த மூட்டையில் ஒன்றுமே இல்லை என்று ஆகும். வழக்கமான தீவனத்தில் சோயா கொஞ்சம் மிகையாக இருந்து இந்தத் தப்பை மறைத்துவிடும். புரதம் குறைத்த தீவனத்தில் மறைக்க ஆள் இல்லை.

அமினோ அமிலங்கள், வைட்டமின், தாது எல்லாவற்றையும் முதலில் 25 கிலோ நைசாக அரைத்த மக்காச்சோள மாவில் தனியாகக் கலந்துகொள்ளுங்கள். மிக்சரில் பாதி மக்காச்சோளமும் சோயாவும் போய்ச் சுற்றத் தொடங்கியபின் இந்த 25 கிலோவைத் தூவுங்கள், அதற்கு மேல் மீதி மக்காச்சோளம், எண்ணெய் கடைசியில். எண்ணெய் முதலில் விழுந்தால் தூள் உருண்டைகட்டிவிடும். படுக்கை ரிப்பன் மிக்சருக்கு 4-5 நிமிடம் போதும். நின்ற திருகு மிக்சருக்கு 12-15 நிமிடம் வேண்டும். அவசரத்தில் 6 நிமிடத்தில் இறக்கிவிடும் இடங்கள் நிறைய. எடை போடும் தராசும் முக்கியம். 400 கிராம் வாலினை மூட்டைத் தராசில் நிறுத்தக் கூடாது.

கலவை சீராக இருக்கிறதா என்று பார்க்க மிக்சரின் பத்து இடங்களில் கைப்பிடி எடுத்து ஒவ்வொன்றிலும் உப்பின் அளவைச் சோதிப்பார்கள். பத்துக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் மிக்சர் தேறியது.

குருணைத் தீவனமாக இல்லாமல் மாவாகப் போடுபவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். மாலையில் தீவனத் தொட்டியின் அடியில் விரலை விட்டால், மஞ்சள் குருணை ஒன்றும் இருக்காது, நைசான வெள்ளைத் தூள் மட்டும் விரலில் ஒட்டும். கோழி பெரிய துகளைக் கொத்தித் தின்றுவிட்டு விட்டுவைத்த பகுதி அது. அந்தத் தூளில்தான் லைசினும் மெத்தியோனினும் வாலினும் இருக்கின்றன. அதன்மேல் புதுத் தீவனத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால், நீங்கள் போட்ட கணக்கு தொட்டியின் அடியில் கிடக்கும், கோழிக்குள் போயிருக்காது. ஒரு நாளில் ஒருமுறையாவது தொட்டி காலியாகி, தூளையும் கோழி தின்றபின் அடுத்த தீவனத்தைப் போடுங்கள். மக்காச்சோளத்தையும் ரொம்பக் கொரகொரவென்று அரைக்காதீர்கள்.

குஞ்சில் கைவைக்காதீர்கள்

முதல் 10 நாள் தீவனத்தில் புரதத்தைக் குறைக்கவே வேண்டாம். 2007-இல் வந்த இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1374 குஞ்சுக்கு முதலில் போடும் முன் ஸ்டார்ட்டருக்கு 23, அடுத்துப் போடும் ஸ்டார்ட்டருக்கு 22, ஃபினிஷருக்கு 20 என்று குறைந்தபட்சக் கச்சாப் புரதத்தை வைத்திருக்கிறது. ஃபினிஷர் அளவைப் பற்றி வாதாடலாம், குஞ்சுத் தீவன அளவில் வாதாட ஒன்றுமில்லை. காரணம் கிளைசின். பெரிய கோழி அதை ஓரளவு தானே செய்துகொள்ளும், குஞ்சுக்கு அது போதாது. போதாக்குறைக்கு, வெளியேறும் ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறும் ஒரு கிளைசினைக் கையோடு கொண்டுபோகிறது. சோயாவைக் குறைத்தால் முதலில் அடிபடுவது இந்தக் கணக்கில் வராத அமினோ அமிலம்தான். தரமான மீன் தூளில் கிளைசின் தாராளம். ஆனால் கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டுத் தூளில் உப்பும் மணலும் எவ்வளவு என்று பார்க்காமல் குஞ்சுத் தீவனத்தில் சேர்ப்பது ஆபத்து.

11 முதல் 21 நாள் வரை அரை சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டாம். மிச்சம் பிடிக்கும் இடம் ஃபினிஷர்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சோயாவின் தரம். சரியாக வறுபடாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கும், அதிகம் வறுபட்டால் லைசின் கருகிவிடும். வறுபட்ட பதத்தைக் காட்டும் யூரியேஸ் சோதனையில் 0.05 முதல் 0.20 வரை, பொட்டாஷ் கரைசலில் கரையும் புரதம் 78 முதல் 85 சதவீதம் வரை வந்தால் வாங்கலாம். 70-க்குக் கீழே என்றால் கருகியது. சோயாவைக் குறைத்துப் போடும்போது இருக்கிற சோயா நல்லதாக இருந்தாக வேண்டும். யூரியா கலப்படமோ அரிசி டி.டி.ஜி.எஸ். (சாராய ஆலையில் மிஞ்சும் அரிசிச் சக்கை) கலப்போ இருந்தால் மூட்டையில் 46 என்றே காட்டும், லைசின் குறைந்திருக்கும். கச்சாப் புரதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், அமினோ அமிலச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் மதுரையில் திருப்பாலையிலேயே இருக்கிறது, கலவையைக் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

மக்காச்சோளத்தைப் பற்றிப் பலரும் யோசிக்காத ஒன்று: 62 சதவீதம் போட்ட இடத்தில் 69 சதவீதம் போடுகிறீர்கள் என்றால், மக்காச்சோளத்தில் உள்ள பூஞ்சை நஞ்சும் அதே அளவில் கூடும். அந்த நஞ்சுகளில் ஒன்றான அஃப்ளாடாக்சின் 20 பி.பி.பி.-க்கு (நூறு கோடியில் 20 பங்கு) மேல் போகக் கூடாது. அது ஈரலைக் கெடுப்பதோடு கோழியின் மெத்தியோனின் தேவையையும் ஏற்றிவிடும். தை, மாசியில் அறுவடையாகி ஈரத்தோடு வரும் மக்காச்சோளத்தை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தபின்தான் அடுக்க வேண்டும். ஈரமான மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு குறைந்த புரதத் தீவனம் செய்யவே வேண்டாம்.

சித்திரையும் கார்த்திகையும்

மதுரையில் இரண்டு காலம் கறிக்கோழிக்குச் சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கிறது என்று படுதாவை இறக்குவோம், கூளம் ஈரமாகும், அம்மோனியா வெளியேற வழியில்லாமல் தரையோடு நிற்கும். இந்தத் தீவனத்தின் பலன் அப்போதுதான் அதிகம் தெரியும். ஷெட்டுக்குள் நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது. காலையில் உள்ளே போனதும் குத்தவைத்து உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். கண் கரித்தால் காற்றில் அம்மோனியா 25 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டியிருக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் இதைச் செய்ய வேண்டும், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பிறகு கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய்க்குக் கீழே இருக்கும் கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கி விடுங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது. விரல் தடத்தோடு கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் மிக அதிகம், நாலு நாளில் பாதத்தில் புண் தெரியும். நிப்பிள் ஒழுகுவதைத் தீவனத்தால் சரிசெய்ய முடியாது, அதை முதலில் பாருங்கள்.

சித்திரை, வைகாசி வேறு கதை. மிகைப் புரதத்தை உடைக்கும் சூடு குறைவதால் இந்தத் தீவனம் வெயிலுக்கு ஏற்றது என்று சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கோழி தின்பதே குறைந்துவிடும். தின்பது 8 சதவீதம் குறைந்தால் உடம்புக்குள் போகும் லைசினும் 8 சதவீதம் குறையும். ஆகவே கோடையில் முதல் படியோடு நில்லுங்கள், லைசினையும் அதோடு சேர்ந்த விகிதங்களையும் 4-5 சதவீதம் கூட்டி வையுங்கள். இன்னொன்று, பகலில் பத்து மணி முதல் நாலு, ஐந்து மணி வரை தொட்டியைத் தூக்கிக்கட்டும் பழக்கம் இங்கே உண்டு. பாக்கெட் அமினோ அமிலம் உடனே இரத்தத்தில் ஏறுகிறது, சோயாவின் புரதம் மெதுவாக உடைகிறது. நீண்ட பட்டினிக்குப் பின் ஒரே மூச்சில் தின்றால் இரண்டும் ஒரே நேரத்தில் சதையை எட்டாமல் ஒரு பகுதி வீணாகலாம். தொட்டியைத் தூக்குவதானால் இரவில் இரண்டு மணி நேரமாவது விளக்குப் போட்டு, நிதானமாகத் தின்ன விடுங்கள்.

கம்பெனிக் கோழி வளர்ப்பவர்களுக்கு

கம்பெனி குஞ்சும் தீவனமும் தந்து வளர்ப்புக் கூலி கொடுக்கும் முறையில் கலவை உங்கள் கையில் இல்லை. தீவனம் தீர்ந்து லாரி வர இரண்டு நாள் ஆகும்போது, இருக்கிற தீவனத்தோடு உடைத்த மக்காச்சோளத்தைக் கலந்து ஒப்பேற்றுவது சில இடங்களில் நடக்கிறது. அதற்குப் பெயர் குறைந்த புரதத் தீவனம் அல்ல, நீர்த்த தீவனம். புரதத்தோடு லைசின், வைட்டமின், கால்சியம் எல்லாம் சேர்ந்து இறங்கும். கோழி குறைவை ஈடுகட்ட இன்னும் அதிகம் தின்னும், எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனக் கணக்கு) கெடும், கூலி உங்களுக்குத்தான் குறையும். சூப்பர்வைசர் புதுத் தீவனம் வந்திருக்கிறது, புரதம் குறைவு என்று சொன்னால் பதற வேண்டாம். செரிக்கும் லைசின் எவ்வளவு, வாலின் சேர்த்திருக்கிறார்களா, சோடா போட்டிருக்கிறார்களா என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். எருவை மல்லிகைக்கும் வாழைக்கும் விற்பவர்கள் அதன் சத்துக் குறையுமே என்று கவலைப்படுவதுண்டு. குறையும்தான், ஆனால் அந்தக் குறைவில் பெரும்பங்கு ஷெட்டிலேயே அம்மோனியாவாகப் பறந்திருக்கும், தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

சோதித்துப் பார்ப்பது

ஒரே நாளில் முழு ஷெட்டையும் மாற்றாதீர்கள். நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரியுங்கள். ஒரே நாள் குஞ்சு, ஒரே எண்ணிக்கை. 21-ஆம் நாள் வரை இரண்டு பக்கத்துக்கும் ஒரே தீவனம், அதற்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு உங்கள் பழைய ஃபினிஷர், மறுபக்கத்துக்கு முதல் படி. பக்கத்துக்கு எத்தனை மூட்டை போனது என்று தனித்தனி நோட்டில் எழுதுங்கள். 21, 28, 35-ஆம் நாட்களில் பக்கத்துக்கு 50 கோழி எடை. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தால் ஓட முடியாத சோம்பல் கோழிதான் வரும். மூலையில் தட்டியால் ஒரு கூட்டத்தை அடைத்து, அடைபட்டது அறுபது என்றால் அறுபதையும் நிறுங்கள்.

30-ஆம் நாள் பத்துக் கோழியைத் தூக்கி இறகைப் பாருங்கள். இறக்கைச் சிறகு உடம்போடு படியாமல் வெளிப்பக்கமாக வளைந்து விரைத்து நின்றால் வாலின் போதவில்லை. முதுகில் இறகு அடர்த்தி குறைந்து தோல் தெரிந்தால் மெத்தியோனினையும் சிஸ்டினையும் சந்தேகப்படுங்கள். எடை சரியாக வந்து தீவனம் மட்டும் கூடுதலாகப் போயிருந்தால் லைசின் கணக்கிலோ கலவையிலோ பிழை. எடை, தீவனம் இரண்டும் சரியாக இருந்து, அறுக்கும்போது வயிற்றுக் கொழுப்பு மட்டும் தடித்திருந்தால் எண்ணெயைக் குறைக்கவில்லை என்று அர்த்தம். இதற்குக் கறிக்கடைக்காரரின் கைதான் நல்ல தராசு. இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துக் கோழியைக் காலில் நூல் கட்டி அடையாளம் வைத்து அனுப்பி, எடுத்த கொழுப்பைத் தனித்தனியாக நிறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பேட்ச் மழைக்காலத்தில், ஒரு பேட்ச் கோடையில். இரண்டிலும் எடை சமமாக வந்தால் அடுத்த பேட்சில் வலையை அவிழ்த்துவிடலாம்.